குட்டிப் புயலுக்கு ஒரு ரிட்டன் சிலிப்

இன்பராஜ் அண்ணனிடம் ரோலர் கோஸ்டரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேருந்து நேரம், கேன்டீன் நேரம், அடையாள அட்டை விதிகள் எல்லாம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இந்த விதியையும் அதில் சேர்த்துவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சென்ற ஆண்டு தெரியாமல் கேட்டுவிட்ட ஒரு பயிற்சிப் பெண் அன்றைய மதியச் சாப்பாட்டையே தவறவிட்டாள். அவள் கேட்டது, "நீங்க ராட்டினமெல்லாம் ஏறுவீங்களாண்ணா?" என்ற ஒரே கேள்விதான்.

"ராட்டினம் இல்லம்மா," என்று ஆரம்பித்திருக்கிறார். "ராட்டினம்னா நின்ன எடத்துல சுத்துறது. நான் ஏர்றது ஓடுறது." அங்கிருந்து தண்டவாளத்துக்குப் போய், மேல் சக்கரம், பக்கச் சக்கரம், அடிச் சக்கரம் என்று மூன்றையும் முடிப்பதற்குள் கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டது.

ஆம்பூருக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கும் ஷூ தொழிற்சாலை எங்களுடையது. நான் எச்.ஆர். அலுவலகத்தில் உதவியாளர். அவர் தோல் கிடங்கில் செலக்டர். பதனிடும் ஆலைகளிலிருந்து கட்டுக்கட்டாக வரும் தோலை மேசையில் விரித்து, ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பவர். ஒன்றாம் தரம் ஷூவின் முன்பக்கத்துக்குப் போகும். ஆறாம் தரம் உள்ளே லைனிங்குக்கு. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறியது, நரம்பு ஓடியது, தொளதொளத்தது எல்லாவற்றையும் கட்டைவிரலில் மடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். குறை இருக்கும் இடத்தைச் சுற்றிச் சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, மூலையில் எண்ணை எழுதுவார். எழுதியதை அழிக்க மாட்டார். செலக்டர்களிடையே அது ஒரு வழக்கம். ஒரு தோலில் போட்ட மார்க்கை அழித்தால், கட்டு முழுவதையும் பிரித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள் என்ற பயம். பயம் என்று நான் சொல்கிறேன். அவர் அதைக் கொள்கை என்பார்.

பள்ளிகொண்டாக்காரர். வயது நாற்பத்தைந்து. அப்பா தேவசகாயம் தோல் ஆலையில் லோடு ஏற்றி இறக்கியவர். இவர் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கிடங்கில் உதவியாளாகச் சேர்ந்து, ஆறே வருடத்தில் மேசைக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டைவிரல் வேலை நேரம் முடிந்தும் ஓயாது. பேருந்து இருக்கை உறை, தேவாலயத்துப் பைபிள் அட்டை, கல்யாண வீட்டு சோபா எல்லாவற்றையும் மடித்துப் பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் கைப்பையை எடுத்து வாரை மடித்தார். "இது தோலு இல்ல மேடம், ரெக்சின். தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?" என்றார். தெரியாமல்தான் வாங்கியிருந்தேன்.

பதினாறு வருடத்துக்கு முன் தொழிற்சாலை டூரில் முதல்முறையாக ஒரு கோஸ்டரில் ஏறினார். இறங்கி மறுபடி வரிசையில் நின்றார். ஏழு முறை. அன்று போட்ட பிரியாணியை அவர் சாப்பிடவில்லை என்பது இன்றும் கிடங்கில் பேசப்படுகிறது. அதற்குப் பிறகு லீவு என்றால் கோஸ்டர்தான். பெங்களூர், ஹைதராபாத், கொச்சி என்று தனியாகப் போய் வருவார். பழைய செலக்‌ஷன் தாள்களின் பின்பக்கத்தில் கோஸ்டரின் பெயர், தேதி, எத்தனையாவது வரிசை, வெயிலா மேகமா, தரம் ஒன்றா ஆறா என்று எழுதி வைத்திருக்கிறார். இது போதாதென்று 'தலைகீழ்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. தமிழ்நாடு முழுவதும் இருந்து நானூறு பேர். குறைந்தது பத்து கோஸ்டர்களில் ஏறியவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். நானூறு பேருக்கும் கருத்து உண்டு. அந்தக் கருத்துகளைத் தினமும் காலை கேட் பாஸ் வாங்க வரும்போது இன்பராஜ் அண்ணன் எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருடம் மே மாதம், சென்னைக்கு முன்னாலேயே நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் புதிய கோஸ்டர் ஒன்று வந்தது. பெயர் குட்டிப் புயல். குடும்பத்தோடு ஏறுவதற்கென்று கட்டியது. உயரம் பதின்மூன்று மீட்டர், ஓட்டம் எழுபது விநாடி. தலைகீழாகப் போகாது. முன்பெட்டியில் கன்னம் உப்பிய ஒரு மேகத்தின் முகம். அவ்வளவுதான் விஷயம். இதற்குத் 'தலைகீழ்' குழு மூன்று வாரம் தூங்கவில்லை.

"இது கோஸ்டர் இல்ல, எஸ்கலேட்டர்," என்றார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த குழந்தை தூங்கிவிட்டது என்று மதுரையிலிருந்து ஒரு செய்தி. பேரணாம்பட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் முஜாஹித், இன்பராஜ் அண்ணனின் நெருங்கிய தோஸ்த், குரல் செய்தியே அனுப்பினார். "இதுக்கு நம்ம பேரணாம்பட்டு மலைப்பாதை பஸ்ஸு எவ்ளோ மேல் தோஸ்த்! அதுல டிக்கெட்டு கம்மி, பயம் ஜாஸ்தி." இதை இன்பராஜ் அண்ணன் என் மேசை முன் நின்று நான்கு முறை ஓடவிட்டுச் சிரித்தார். திருச்சியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை மட்டும், இரண்டாவது வளைவு தான் எதிர்பார்த்தது போல் இல்லை, ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று எழுதியிருந்தார். அவருக்கு நாற்பத்தாறு பதில்கள் வந்தன. மறுநாள் அந்தச் செய்தியை அவரே நீக்கிவிட்டார். அதன் பிறகு, குடும்பக் கோஸ்டரில் ஏறியதை ஒருவர் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று மூன்று நாள் தகராறு.

இன்பராஜ் அண்ணன் தீர்ப்பு சொன்னார். யாரோ முன்பெட்டியில் இருந்து எடுத்த வீடியோவைப் பதினோரு முறை பார்த்துவிட்டு, ஆறாம் தரம் என்று குழுவில் எழுதினார்.

அவருடைய மனைவி ஜாஸ்மின் அக்காவும் எங்கள் தொழிற்சாலைதான். தையல் பிரிவில் மூன்றாம் லைனுக்குச் செக்கர். ஷூவின் மேல்பாகம் தைத்து வரும்போது விட்டுப்போன தையல், கோணிய மடிப்பு, தவறான தரத்துத் தோல் எல்லாவற்றையும் பிடித்து, ரிட்டன் சிலிப் எழுதித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பதினோரு டூர்களுக்கு வந்திருக்கிறார். பதினோரு முறையும் ஏதாவதொரு கோஸ்டரின் அடியில், சிமென்ட் பெஞ்சில், மற்றவர்களின் பைகளோடு உட்கார்ந்திருப்பார். பை, செருப்பு, போன், மூக்குக் கண்ணாடி. ஒருமுறை கட்டிங் பிரிவுப் பெரியவர் ஒருவரின் பல்செட். "நீங்களும் ஏறுங்கக்கா" என்று யாராவது சொன்னால், "தலைகீழாப் போறதுல நான் ஏற மாட்டேன். தலைகீழாப் போவாதது ஒண்ணு வரட்டும், ஏர்றேன்" என்பார். அது ஒரு சாக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கணவர் முக்கியமாக.

ஜூன் மாதம் டூருக்கான படிவம் கொடுத்தோம். சென்னைப் பக்கத்துப் பூங்காவா, பெங்களூரா, ஒன்றை டிக் செய்ய வேண்டும். கடைசியில் குறிப்பு எழுத ஒரு கோடு. முந்நூற்றெண்பது படிவங்களையும் பிரித்தவள் நான். குறிப்பில் பெரும்பாலும் "சைவம்" என்றிருக்கும். ஒருவர் "மேனேஜர் வேறு பஸ்ஸில் வரவும்" என்று எழுதியிருந்தார். ஜாஸ்மின் அக்காவின் படிவத்தில் சென்னைக்கு டிக். குறிப்பில், "குட்டிப் புயலில் ஏற வேண்டும். நான்." நான் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய சமமான டிக் விழுந்ததால், முடிவு டூர் கமிட்டிக்குப் போனது. பிரிவுக்கு ஒருவர். கிடங்குக்கு யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மேனேஜர் வக்கார் அகமது சார் தலைமை. நான் குறிப்பெழுத உட்கார்ந்தேன். இன்பராஜ் அண்ணன் இருபத்தைந்து நிமிடம் பேசினார். பெங்களூர் கோஸ்டரின் உயரம், இறக்கம், எத்தனை முறை தலைகீழ் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"சென்னையில புதுசா ஒண்ணு வந்துருக்காமே?" என்று வக்கார் சார் கேட்டார். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"அது பால்வாடி சார். ஆறாம் நம்பரு. லைனிங்குக்குத்தான் லாயக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது ஆறு பேர் பெங்களூருக்குத் தூக்கினார்கள், இரண்டு பேர் சென்னைக்கு. நான் கமிட்டியில் இல்லை. ஆனாலும் பொறுக்கவில்லை. ஜாஸ்மின் அக்காவின் படிவத்தைக் கோப்பிலிருந்து உருவி அவர் முன் வைத்தேன். "இதுல ஒரு குறிப்பு இருக்குண்ணா," என்றேன்.

வாசித்தார். "இவளா?" என்று சிரித்தார். "இவ ஏற மாட்டா மேடம். சும்மா எழுதியிருப்பா." படிவத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, பெங்களூர்ப் பூங்காவில் எந்த வாசல் வழியாகப் போனால் வரிசை கம்மி என்று வக்கார் சாருக்கு விளக்க ஆரம்பித்தார். இரண்டு கோடு போட்ட "நான்" அவர் கண்ணில் படவே இல்லை. தோலில் ஊசி முனையளவு தழும்பைக் கண்டுபிடிக்கிற மனிதர்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் பெங்களூர் என்று ஒட்டினேன். மதியம் கேன்டீனில் ஜாஸ்மின் அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கிடங்கு ஆட்கள் சாப்பிடும் மேசைக்கு நேராக வந்தார். வழக்கமாக அங்கே வர மாட்டார். அடுத்த மேசையில் நான்.

"இன்னாங்க, குட்டிப் புயலுக்கு இன்னா கிரேடு போட்டீங்களாம்?"

"ஆறு."

"ஏறிப் பாத்தீங்களா?"

"வீடியோ பாத்தேன். பதினோரு வாட்டி."

"தோலு வீடியோல பாத்து கிரேடு போடுவீங்களா?"

இன்பராஜ் அண்ணன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஏம்மே, அது வேற, இது வேற."

"இன்னா வேற? மடிச்சுப் பாக்காம எவனாச்சும் நம்பரு போட்டா அவன் செலக்டரே இல்லன்னு ஊரெல்லாம் பேசறது யாரு?"

"விடாதீங்க அண்ணி!" என்று கட்டிங் பிரிவிலிருந்து ஒரு குரல்.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? அது கொழந்தைங்க ஏர்றது. தரம் கம்மி. லைனிங்கு."

"லைனிங்குதான்யா காலுல படுது," என்றார் ஜாஸ்மின் அக்கா. குரல் உயரவில்லை. "உன் ஒண்ணாம் நம்பரு வெளிய கெடந்து பளபளக்குது. போட்டுக்கினு நடக்கறவனுக்கு எது தெரியும்? உள்ள இருக்கறதுதான் தெரியும். நாள் பூரா நான்தான அத கையில வெச்சுப் பாக்கறேன்."

கிடங்கு ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். இன்பராஜ் அண்ணன் காது சிவந்துவிட்டது.

"போட்ட மார்க்க நான் அழிக்கிறது இல்ல. உனக்கே தெரியும்."

"தெரியும். அழிக்க வைக்கிற வழியும் தெரியும். பெங்களூருக்குப் பையத் தூக்க வேற ஆளு பாத்துக்குங்க." டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை மற்ற சிலிப்புகளோடு என் மேசைக்கு அதுவும் வந்தது. இளஞ்சிவப்புத் தாள், எண் 4417. பொருள்: குட்டிப் புயல். எண்ணிக்கை: ஒன்று. போடப்பட்ட தரம்: ஆறு. திருப்பி அனுப்பும் காரணம்: பார்க்காமல் தரம் போடப்பட்டது. கீழே, ஜாஸ்மின், செக்கர், மூன்றாம் லைன்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ரிட்டன் சிலிப் எண் போட்ட புத்தகம். மூன்று படி. வெள்ளை கிடங்குக்கு, இளஞ்சிவப்பு எங்களுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே இருக்கும். கிழிக்க முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தணிக்கை ஆட்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பதில் கேட்பார்கள். எழுதப்பட்ட சிலிப்பை முடிக்க ஒரே வழிதான் உண்டு. திருப்பியவர் கண்ணெதிரில் செலக்டர் மறுபடி பார்க்க வேண்டும். இருவரும் ஒரே தரத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். குறை தோல்மீது இல்லாமல் செலக்டர்மீது என்றால், எச்.ஆரிலிருந்து ஒரு சாட்சி.

வக்கார் சாரிடம் எடுத்துப் போனேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யா அல்லாஹ். கேன்சல் பண்ணும்மா."

"கேன்சலுக்குக் காரணம் எழுதணும் சார். இன்னா எழுதட்டும்?"

சிலிப்பை என் பக்கமே தள்ளினார். "சரியான பேஜாரு. புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் நம்பர் புக்குலயா எழுதுவாங்க? போய் முடிச்சுட்டு வந்துருங்க. என்கிட்ட வராதீங்க."

இன்பராஜ் அண்ணன் சிரித்துவிட்டுத் தூக்கிப் போடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் கிடங்குக்குப் போனேன். வெள்ளைப் படி ஏற்கனவே அவர் மேசையில் இருந்தது. வேலை நடக்கவில்லை. தோல் விரித்தபடி கிடந்தது. இருபது வருடத்தில் அவருக்கு எத்தனையோ சிலிப் வந்திருக்கிறது. தழும்பைக் கவனிக்கவில்லை, நிறம் மாறியிருக்கிறது என்றெல்லாம். பார்க்காமல் போட்டார் என்று ஒருவரும் எழுதியதில்லை.

"ரூல்படி கரெக்டா எழுதியிருக்கா," என்றார். கோபமா பெருமையா என்று எனக்குப் புரியவில்லை. "ஞாயித்துக்கெழம வர்றீங்களா மேடம்?"

"நான் எதுக்குண்ணா?"

"சாட்சி வேணுமே."

வீட்டில் அலுவலக வேலை என்று சொன்னேன். எங்கே என்று அம்மா கேட்டார். சொன்னேன். இப்படிப்பட்ட வேலைக்குத்தான் பட்டப்படிப்பா என்று கேட்டார்.

ஆம்பூரில் நான் ஏறிய சென்னை பஸ்ஸில், பள்ளிகொண்டா டோல்கேட்டில் அவர்கள் இருவரும் ஏறினார்கள். வழி நெடுக, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று இன்பராஜ் அண்ணன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் சங்கிலிச் சத்தம், இறக்கத்தில் உடல் சீட்டைவிட்டு எழும்புகிறதா, வளைவில் கழுத்துக்கு அடி விழுகிறதா. ஜாஸ்மின் அக்கா வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். "அதெல்லாம் நான் ஏறி எறங்கி சொல்றேன்" என்று ஒருமுறை சொன்னார்.

சாட்சி ஏற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். எனவே இரண்டு பை, இரண்டு போன், ஒரு ஜோடிச் செருப்பு என் மடிக்கு வந்தன. வரிசை நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனது. ஐம்பது நிமிடம். இன்பராஜ் அண்ணன் சக்கரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன்னால் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற குடும்பமும் பார்த்தது. "அந்த அங்கிள் எப்பம்மா முடிப்பாரு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவர் காதில் விழவில்லை. ஜாஸ்மின் அக்கா காதில் விழுந்தது. "அடிச் சக்கரத்தோட நிறுத்திக்குங்க," என்றார். நிறுத்தினார்.

படி ஏறும் இடத்தில் ஜாஸ்மின் அக்கா ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். பெட்டிகள் வந்து நிற்கும் சத்தத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். இன்பராஜ் அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "வேணாம்னா எறங்கிக்கலாம் மே. நான் மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்," என்றார்.

"உங்க வேலையப் பாருங்க," என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

பெட்டிகள் மேலே ஏறின. இன்பராஜ் அண்ணன் மடிமேல் விழுந்த கம்பியின் உறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் அக்கா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், வாயை இறுக மூடியிருந்தார். முதல் இறக்கத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வளைவு சிமென்ட் பாறைக்குப் பின்னால் போகிறது. அங்கே அவர்கள் மறைந்தார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. எழுந்துவிட்டேன். பெட்டி வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அது கூச்சல் இல்லை. ஜாஸ்மின் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக அவரைத் தெரியும். அப்படி ஒரு சத்தம் அவரிடம் உண்டென்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவர் தண்டவாளத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கி வந்தார்கள். நான் பேச்சுக்குத் தயாராக இருந்தேன். இன்பராஜ் அண்ணன் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார்.

"ரெண்டாவது வளைவு," என்றார் கடைசியில். "உள்ள போறப்போ ஒரு இழுப்பு இருக்குது. பாறைக்கு அந்தாண்ட இருட்டுல கீழ எறக்கறான். வீடியோல அது புடிபடல."

என்னிடமிருந்து சிலிப்பை வாங்கி, சில்வர் பேனாவை எடுத்து, ஆறு என்பதன்மீது ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மூன்று என்று எழுதினார். அந்த மனிதர் போட்ட மார்க்கை அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வேலை முடிந்தது, நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று எழுந்தேன்.

"மூணா?" என்றார் ஜாஸ்மின் அக்கா. "ரெண்டு."

"பிரேக்கு சரியில்ல மே. கடைசியில தூக்கிப் போடுது. மூணே ஜாஸ்தி."

"நடுவுல உக்காந்தா அப்டித்தான் இருக்கும். கடைசி வரிசையில பாத்தீங்களா? பாக்காமயே போடறீங்களா மறுபடியும்?"

மறுபடி வரிசை. மறுபடி பைகள். கடைசி வரிசையில் இருந்து வந்தபோது இன்பராஜ் அண்ணன் மூன்று என்றார், ஜாஸ்மின் அக்கா ஒன்றுக்கே யோசிக்கலாம் என்றார். பிறகு முதல் வரிசை. பிறகு, வெயில் இறங்கினால் சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க. மொத்தம் நான்கு முறை. திரும்பும் பஸ்ஸில் வாலாஜா வரைக்கும் பிரேக்கைப் பற்றித் தகராறு, வாலாஜாவுக்கு அப்புறம் சீட்டைப் பற்றி. பள்ளிகொண்டாவில் இறங்கும்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாஸ்மின் அக்கா கையெழுத்துப் போடவில்லை.

அன்று இரவே 'தலைகீழ்' குழுவில் இன்பராஜ் அண்ணன், ஆறு இல்லை, மூன்று என்று எழுதியிருக்கிறார். மறுநாள் காலை முந்நூறு பதில்களையும் எனக்கு வாசித்துக் காட்டினார். "இன்னா தோஸ்த் ஆச்சு உனக்கு? அண்ணி மெரட்டினாங்களா?" என்று முஜாஹித் கேட்டிருந்தார். இவர், "ஆமா. ஆனா மூணு மூணுதான்" என்று பதில் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஜாஸ்மின் அக்கா கணவரின் போனிலிருந்தே, "ரெண்டு" என்று தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். திருச்சி ஆசிரியை அதற்கு ஒரு பூ போட்டிருந்தார்.

இது ஜூலையில் நடந்தது. ஆகஸ்டில் எல்லோரும் பெங்களூர் போய் வந்தோம். ஜாஸ்மின் அக்காவும் வந்தார், பை தூக்க இல்லை. அங்கே தலைகீழாகப் போகாதவை இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் ஏறினார், இரண்டைப் பற்றியும் திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி வரை சொன்னார். அந்த மாதமே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கணவரோடு மறுபடி குட்டிப் புயலுக்குப் போனார். செப்டம்பரிலும் போனார்கள். விடுமுறை நாளில் கூட்டமாக இருக்கும்போது பெட்டி கனமாக ஓடுமாம், அதைப் பார்க்க. மூன்று இன்னும் மூன்றாகவும், இரண்டு இன்னும் இரண்டாகவும் இருக்கின்றன.

சிலிப் 4417 இன்னும் முடியவில்லை. மாதக் கடைசியில், முடியாத சிலிப்புகளின் பட்டியலை நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பொருள் என்ற கட்டத்தில் வேறு வழியில்லாமல் சிறு புயல், ஒன்று என்று மொழிபெயர்த்து எழுதினேன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆள், அது புது ஷூ மாடலா, மாதிரி அனுப்ப முடியுமா என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வக்கார் சார் அதை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் எனக்கு அனுப்பிவிட்டார்.

சென்ற வாரம் சிலிப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் லைனுக்கே போனேன். ஜாஸ்மின் அக்கா ஒரு ஷூவின் மேல்பாகத்தைக் கையில் வைத்து, தையல் வழியே நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டோ மூணோ, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. பேஜாரா இருக்குது."

நிமிரவில்லை. "போட்டா முடிஞ்சிரும் இல்ல மேடம்?"

"முடியணும்னுதானக்கா கேக்கறேன்."

"அவரு பதினாறு வருஷமா போய்க்கினு இருக்காரு. அவர யாராச்சும் முடின்னு கேட்டீங்களா?" கையில் இருந்ததைச் சரியானவற்றின் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "மழையில இன்னும் பாக்கல. தண்டவாளம் நனைஞ்சா வேகம் ஜாஸ்தியாவும்னு அவரே சொல்றாரு. ஐப்பசி வரட்டும்."

"மழை வந்தா நிறுத்திடுவாங்கக்கா."

"நிறுத்தினா திரும்ப ஓட்டற வரைக்கும் நிப்போம்," என்றார். "உங்களுக்கு இன்னா அவசரம்?"